கடை மெயில்

சரசு கம்யூனிகேஷன்ஸில் ஒரு வழக்கம் உண்டு. மெயில் முகவரி இல்லாதவர்கள் யார் வந்தாலும் விண்ணப்பத்தில் கடையின் மெயிலைப் போட்டுவிடுவார்கள். கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்களுக்குக் கடையின் எண். கிள்ளிப்பாலத்தில் எஸ்.டி.டி. பூத்தாகத் தொடங்கிய கடை அது. பூத் போய் ஜெராக்ஸ் வந்தது. இப்போது ரேஷன் கார்டு திருத்தம் முதல் நர்சிங் கல்லூரி விண்ணப்பம் வரைக்கும் அங்கே நடக்கிறது. பெயரை மட்டும் முதலாளி சரசம்மா மாற்றவில்லை. "போர்டுல பெயிண்டு இன்னும் உதிரல்ல. பின்ன எதுக்கு மாத்தணும்?" என்பாள்.

பிரிஸில்லா அங்கே வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. காலை ஒன்பதரைக்கு வந்தால் ஐந்து மணி வரை கம்ப்யூட்டர் முன்னால். ஐந்தரைக்கு மாலைக் கல்லூரியில் பி.ஏ. பொருளியல் வகுப்பு. அது முடிந்து பாறசாலைக்கு ரயில். ரயிலில் உட்கார இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் டைரி எழுதிவிடுவாள். முதலில் நேரம், பிறகு விஷயம், கடைசியில் தான் செய்த பிழை. பிழை இல்லாத நாள் என்று ஒன்று அந்த டைரியில் கிடையாது.

டைரியின் பின்பக்கத்தில் வேறொரு கணக்கு இருந்தது. கடைக்கு வருகிறவர்களில் நாளைக்கு ஒருவருடைய பிறந்த மாதம். பெயர் எழுத மாட்டாள், மாதம் மட்டும். அதற்கு நேரே ஒரு கோடு; ஐம்பது வயது தாண்டியவரென்றால் கோட்டின் தலையில் ஒரு புள்ளி. இரண்டு வருடத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு கோடுகள் சேர்ந்திருந்தன. அதில் இருநூற்று நாற்பத்தொன்று மே மாதத்தில். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் எடுத்தால் பாதிக்குப் பாதி மே. ஜூன் முதல் தேதி பள்ளிக்கூடம் திறக்கும். பிள்ளைக்கு அதற்குள் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். அப்பாவோ தலைமையாசிரியரோ ஒரு மே மாதத் தேதியைப் போட்டு எழுதிவிடுவார்கள். இப்படி ஓர் ஊரே மே மாதத்தில் பிறந்து, மே மாதத்தில் ஓய்வும் பெற்றுவிடுகிறது.

இதைத்தான் அவள் ஹைதராபாத்தில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு, மக்கள்தொகையியல் முதுகலைப் படிப்புக்கான விண்ணப்பத்தில் 'ஏன் இந்தப் படிப்பு' என்ற பகுதியில் எழுதியிருந்தாள். பிப்ரவரியில் ஒரு மத்தியானம், கூட்டம் இல்லாத வேளையில், கடையிலேயே உட்கார்ந்து விண்ணப்பித்தாள். அனுப்புவதற்கு முன் ஒன்பது முறை சரிபார்த்தாள். அனுப்பிய அன்றே டைரியில் 'ஏன் கிடைக்காது' என்று தலைப்புப் போட்டு ஏழு காரணங்கள் எழுதினாள். மூன்றாவது, மாலைக் கல்லூரி. நான்காவது, 'பிறந்தநாள் எண்ணின கதையை எழுதிவைத்திருக்கிறேன். படித்துச் சிரிப்பார்கள்.'

நேர்காணலுக்கு அழைப்பு உண்டென்றால் ஏப்ரல் பதினைந்துக்குள் மெயிலில் வரும் என்று அறிவிப்பில் இருந்தது. அவள் தன் மெயிலைக் காலையில் ஒருமுறை, சோறு தின்னும்போது ஒருமுறை, ரயிலில் ஒருமுறை பார்த்தாள். பதின்மூன்று: வரவில்லை. பதினான்கு: வரவில்லை. பதினைந்து: வரவில்லை. வியாழக்கிழமை, பதினாறாம் தேதி, வீட்டில் சொல்லிவிட்டாள். அம்மா தையல் மிஷினில் அவள் ஹைதராபாத் போவதற்கென்று ஒரு சுரிதாரை வெட்டிப் போட்டிருந்தாள். துணியை மடித்து உள்ளே வைத்து மிஷினை மூடினாள். அந்த மூடி விழுந்த சத்தம் பிரிஸில்லாவுக்கு மறுநாள் வரை காதில் இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் ஒன்று நாற்பது.

வேலாயுதன் என்று ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், மகளின் தேர்வுக்கு ஹால் டிக்கெட் எடுக்க வந்து நின்றார். மகளுக்கு மெயில் கிடையாது. ஆகவே கடை மெயில்.

"பேரு சொல்லுங்க மாமா."

"வேலாயுதன்."

"உங்க பேரு இல்ல. மகளுக்க பேரு."

"சுமி. திங்கக்கிழமை வந்திருக்கும்னு அவளுக்க கூட்டுக்காரி சொன்னா."

பிரிஸில்லா கடை மெயிலைத் திறந்தாள். படிக்காமல் கிடந்த மெயில்கள் பதினோராயிரத்துச் சொச்சம். கேஸ் புக்கிங், மின்சார பில், யார் யாருக்கோ வேலை, யார் யாருக்கோ ஆஃபர். திங்கட்கிழமை வரைக்கும் இறங்கினாள். சுமியின் ஹால் டிக்கெட் இருந்தது. பிரிண்டுக்குக் கொடுத்தாள். அதற்கு அடுத்த வரியில் ஹைதராபாத் நிறுவனத்தின் பெயர். நேர்காணல் அழைப்பு. 'அன்புள்ள பிரிஸில்லா டி.'

அவள் மேஜை இழுப்பறையிலிருந்து கடையின் பதிவு நோட்டை எடுத்தாள். எந்த பிரிஸில்லா என்று பார்க்க வேண்டும். பாலராமபுரத்தில் ஒரு பிரிஸில்லா உண்டு, பாஸ்போர்ட்டுக்கு வந்தாள். பிப்ரவரிப் பக்கங்களில் விரலை ஓட்டினாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த ஷிஜு எட்டிப் பார்த்தான். அவனும் அவளும் ஒரே மாதம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். "என்னட்டி தேடுகே?"

"இந்த பிரிஸில்லாவுக்க போன் நம்பர். பாவம், திங்கக்கிழமையே வந்து கிடக்கு."

ஷிஜு திரையைப் படித்தான். பிறகு அவளைப் படித்தான். "உனக்க அப்பாவுக்க பேரு தங்கையன்தானே?"

"ஆமா."

"டி எழுதினா தங்கையன்தானே வரும்?"

"ஆமா, அதுக்கென்ன?"

"அய்யோ எடி, இது நீதானாக்கும்!"

பிரிஸில்லா விரலை நோட்டிலிருந்து எடுக்கவில்லை. ஒன்பது முறை சரிபார்த்தாள். மதிப்பெண் சரி, பிறந்த தேதி சரி, தலைப்பெழுத்து சரி. மெயில் என்ற கட்டத்தை ஒன்பது முறையும் கண் பார்த்தது. நாளைக்கு நாற்பது முறை பார்க்கிற முகவரியானதால் எதுவும் உறுத்தவில்லை. கை தானாகவே கடை மெயிலை அடித்து, தானாகவே கடை எண்ணைப் போட்டு, மேஜைமேல் கிடந்த கடை போனில் வந்த ஓ.டி.பி.யையும் பார்த்து அடித்திருக்கிறது.

"சத்தம் போட்டு வாசி" என்றாள் சரசம்மா, ஜெராக்ஸ் மிஷின் பக்கத்திலிருந்து.

ஷிஜு வாசித்தான். நேர்காணல் வரும் திங்கட்கிழமை காலை பத்தரைக்கு, இணையவழியில். வருகையை ஏப்ரல் பதினேழு மாலை ஐந்து மணிக்குள் உறுதிசெய்ய வேண்டும். இறுதிப் பருவத்தில் இருப்பவர்கள், அரியர் இல்லை என்ற சான்றிதழைக் கல்லூரி முதல்வரின் கையெழுத்தோடும் சீலோடும் அதனுடன் பதிவேற்ற வேண்டும். கடைசியாக இரண்டு வரிகள். பிறந்த மாதங்கள் பற்றிய உங்கள் கவனிப்பைக் குழு ஆர்வத்துடன் படித்தது. அந்தக் குறிப்பேட்டை நேர்காணலின்போது கையில் வைத்திருக்கவும்.

"நோட்டைக் கேக்காங்க" என்றாள் பிரிஸில்லா. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "அக்கா, அந்த நோட்டைக் கேக்காங்க!"

"பதினேழு இண்ணைக்குத்தானே?" என்றாள் சரசம்மா. "மணி ரெண்டாகப் போகு. உனக்குன்னு ஒரு மெயில் இல்லியாட்டி?"

"இருக்கு அக்கா."

"பின்ன?"

"கை தானா அடிச்சிட்டு."

"அந்தக் கையை அப்புறம் வெட்டலாம். இப்பம் சான்றிதழுக்கு வழியப் பாரு."

வழிதான் இல்லை. மாலைக் கல்லூரிக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. பகலில் அது பள்ளிக்கூடம். ஐந்து மணிக்குப் பிள்ளைகள் போன பிறகுதான் கல்லூரி. அலுவலகம் திறப்பதும் ஐந்துக்கு. ஹைதராபாத்தில் கதவு அடைப்பதும் ஐந்துக்கு. எட்டாவது காரணம் பிரிஸில்லாவின் மனதில் தானாக எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோது, கை டைரியைத் திறந்துவிட்டது. சேர்ந்த வருடம் எழுதிய ஒரு பக்கம்: 'யார், பகலில் எங்கே.'

'லலிதாம்பாள் மேடம் (ஆபீஸ்): கரமனை அக்ரஹாரம், நீல கேட். சீலும் லெட்டர்பேடும் தினமும் வீட்டுக்குக் கொண்டுபோவார். பகலில் அலமாரி பள்ளிக்கூடத்துக்கு.'

'பிரின்சிபால் தாணுமாலையன் சார்: சாலைச் சந்தை, தம்பியின் குழாய்க் கடை.'

"ஷிஜு, உனக்க ஸ்கூட்டர்!"

"பெட்ரோல் கம்மியாக்கும், பாத்துப் போ" என்று சாவியை எறிந்தான். வாசலில் ஏழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஆள் ஒன்று குறைந்தால் கடை என்னாவது என்று சரசம்மா திரும்பிப் பார்ப்பதற்குள், வேலாயுதன் மகளின் ஹால் டிக்கெட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்துவிட்டு நடுவில் வந்து நின்றார்.

"மோள் போயிட்டு வரட்டு. வரிசையை நான் பாத்துக்கிடுதேன். முப்பத்தொரு வருஷம் ஆளை ஒதுக்கி நிறுத்தினவனாக்கும். ஏய், அந்தச் சிவப்புச் சட்டை! பின்னால போ, பின்னால போ!"

நீல கேட் சாத்தியிருந்தது. போனில் மூன்று முறை அழைத்தாகிவிட்டது. பிரிஸில்லா தட்டத் தட்ட உள்ளேயிருந்து மின்விசிறி நிற்கிற சத்தம் கேட்டது.

"யாரது, இந்த வேளையில?" லலிதாம்பாள் முடியை அள்ளிச் சொருகிக்கொண்டு வந்தார். "அட, தேர்ட் இயர் பிரிஸில்லாவா? என்னடி கொழந்தே, மூஞ்செல்லாம் இப்படி செவந்து கெடக்கு?"

சொன்னாள். மூச்சு வாங்கியதில் மே மாதம் முதலிலும் ஹைதராபாத் கடைசியிலுமாக வந்தது. லலிதாம்பாளுக்கு ஐந்து மணி என்பது மட்டும் புரிந்தது. அது போதுமாயிருந்தது. சமையலறை ஆணியில் தொங்கிய துணிப்பையை எடுத்தார். அதற்குள் டிபன் டப்பா, டிபன் டப்பாவுக்கு அடியில் பிளாஸ்டிக் உறையில் லெட்டர்பேடு, ஒரு பழைய பவுடர் டப்பாவில் சீல். சாப்பாட்டு மேஜையைத் துடைத்து உட்கார்ந்து, அச்சடித்தது போன்ற கையெழுத்தில் ஆறு வரி எழுதினார்.

"சீல் வச்சுத் தந்துடுங்க மேடம், சார்கிட்ட கையெழுத்து நான் வாங்கிக்கறேன்."

லலிதாம்பாள் பேனாவை மூடினார். "கையெழுத்துக்கு முன்னாடி சீல் வைக்கறதா? பதினெட்டு வருஷத்துல அப்படி ஒரு நாள் கெடையாது."

"அப்போ சீலைத் தாங்க, நான் அங்க வச்சு..."

"சீலை வெளியில குடுக்கறதா?"

பிரிஸில்லா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு ஐம்பது. கேட்டு வாங்கத் தெரியாத பெண் என்று டைரியில் பலமுறை எழுதியிருக்கிறாள். இப்போது வேறு வழி தெரியாமல் கேட்டுவிட்டாள்.

"அப்படின்னா நீங்களே வாங்க மேடம். ஸ்கூட்டர் இருக்கு."

லலிதாம்பாள் அவளை ஒரு கணம் பார்த்தார். "வண்டி நன்னா ஓட்டுவியா?"

"லைசென்ஸ் இருக்கு."

"அதைக் கேக்கல."

ஆனாலும் புடவையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஒருபக்கமாக உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, ஒரு கையால் பையையும் மறுகையால் பிரிஸில்லாவின் தோளையும் இறுகப் பிடித்துக்கொண்டார். கரமனைப் பாலம் வரும்போது "மெதுவா, மெதுவா" என்றவர், கிள்ளிப்பாலம் சிக்னலில் மஞ்சள் விழுந்ததும் "போடி, போடி, விட்டுடாதே!" என்றார்.

சாலைச் சந்தைக்குள் வண்டி போகவில்லை. வெங்காய லாரி ஒன்று குறுக்கே நின்று மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டரை ஒரு பாத்திரக் கடை ஓரமாக விட்டுவிட்டு இருவரும் நடந்தார்கள். குழாய்க் கடையில் தாணுமாலையன் சார் இல்லை. சரக்கு வந்திருக்கிறது, குடோனுக்குப் போயிருக்கிறார் என்றார் தம்பி. இதோ வந்துவிடுவார் என்றார். மூன்று இருபத்தைந்து. மூன்று நாற்பது. பிரிஸில்லா நின்ற இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்த ஷவர்களை எண்ணினாள், பத்தொன்பது. நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு, வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கையெல்லாம் வைக்கோல் தூசியோடு அவர் வந்தார். அலுவலக லலிதாம்பாளைக் கடை வாசலில் பகல் வெளிச்சத்தில் பார்த்ததும் மடித்த வேட்டியைச் சட்டென்று இறக்கிவிட்டார்.

"என்ன மேடம், காலேஜ்ல தீயா?"

"அஞ்சு மணிக்கு முன்னாடி நாமெல்லாம் உயிரோட இருக்கப்படாதுன்னு நெனச்சிண்டிருக்கேளா? கையெழுத்து வேணும் சார். இங்கயே, இப்பவே."

அவர் காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். "அரியர் இல்லைனு எழுதியிருக்கு. ரிஜிஸ்டர் பாக்காம நான் எப்படிப் போடுவேன்?"

லலிதாம்பாள் வாயைத் திறந்தார். அதற்குள் பிரிஸில்லாவின் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வெளியே வந்திருந்தது. ஐந்து பருவங்களின் மதிப்பெண் பட்டியல், வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல்கள். இதைத் தினமும் சுமப்பதற்காக ஷிஜு அவளைக் கேலி செய்யாத வாரம் கிடையாது.

சார் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "புள்ளியியல்ல எண்பத்தொன்பது. இது நீயா? வகுப்புல வாயே திறக்க மாட்டியே."

"திறந்தா தப்பா சொல்லிடுவேன்னு சார்..."

"எண்பத்தொன்பது எடுத்தவ தப்பா சொல்லிட்டா பாடம் நடத்தினவன் என்ன சொல்றது?" என்றவர் சட்டைப் பையைத் தடவினார். "என் பச்சைப் பேனா?"

பச்சை மை இல்லாமல் அவர் கையெழுத்துப் போட மாட்டார் என்பது கல்லூரி முழுக்கத் தெரியும். கல்லாப் பெட்டியில் தேடினார்கள். பில் புத்தகத்துக்கு அடியில் தேடினார்கள். கடைசியில் பி.வி.சி. குழாய்களில் அளவு குறிப்பதற்காகத் தம்பி அதைக் காதில் சொருகி வைத்திருந்தது தெரிந்தது. ஒரு தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். லலிதாம்பாள் பவுடர் டப்பாவைத் திறந்தார். மை உலர்ந்திருந்தது. சீலை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஹா, ஹா என்று இரண்டு முறை ஊதி அழுத்தினார். ஊதா வட்டம் முழுசாக விழுந்தது.

நான்கு இருபத்தெட்டு.

"நீ போ, நான் ஆட்டோ பிடிச்சு நேரே காலேஜுக்குப் போயிடறேன்" என்றார் லலிதாம்பாள். "விழுந்து கிழுந்து வைக்காதே. இன்னொண்ணு எழுதித் தர மாட்டேன்!"

கடைக்குள் அவள் ஓடி வந்தபோது வேலாயுதன் இன்னும் போகவில்லை. வரிசை நேராக இருந்தது. காலண்டரைக் கிழித்து டோக்கன் கொடுத்திருந்தார். ஷிஜு நாற்காலியைக் காலி செய்து, பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான். ஸ்கேன் ஓடியது. பதிவேற்றம் என்று அழுத்தினாள். சிவப்பு எழுத்தில் ஏற்கவில்லை என்று வந்தது. 214 கேபி. அளவு 200 கேபிக்குள் இருக்க வேண்டும்.

தினமும் நாற்பது பேரிடம் சொல்கிற வாக்கியம். தனக்கு வந்தபோது அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. விரல்கள் விசைப்பலகைமேல் அப்படியே நின்றன.

"எழும்பு" என்று ஷிஜு குனிந்து இரண்டு இடத்தில் தட்டினான். 168. "உனக்க கையை நம்பப்பிடாதுன்னு மத்தியானமே தெரிஞ்சாச்சே."

உறுதிசெய் என்ற பொத்தான் வந்தது. ஓ.டி.பி. கடை போனுக்குப் போனது. சரசம்மா அதைக் கை எட்டுகிற தூரத்துக்கு நீட்டிப் பிடித்துக்கொண்டு வாசித்தாள். "நாலு, ஏழு, ஏழு, ஒண்ணு, பூஜ்யம், ரெண்டு."

தவறு என்றது திரை.

"சரியா வாசி அக்கா!" என்றான் ஷிஜு.

"சரியாத்தான் வாசிச்சேன். இது... அய்யோ, இது கேஸுக்கு வந்ததாக்கும். பொறு, ரெண்டு வந்து நிக்கு. மூணு வந்து நிக்கு."

"ஹைதராபாத்துன்னு போட்டிருக்கறதை வாசிங்க!" என்றாள் பிரிஸில்லா.

"கத்தாத. ஆறு, ஆறு, மூணு, எட்டு, எட்டு, அஞ்சு."

வட்டம் சுற்றியது. வரிசையில் நின்றவர்களும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். சிவப்புச் சட்டைக்காரர் தன் டோக்கனை மறந்து மேஜைக்கு உள்பக்கமே வந்துவிட்டார். வேலாயுதன் அவரைத் தடுக்கவில்லை. பிறகு திரை பச்சையானது. உங்கள் வருகை உறுதிசெய்யப்பட்டது. திங்கள், காலை 10.30. நேரம் 4.53.

ஷிஜு மேஜையில் ஓங்கித் தட்டினான். வேலாயுதன் பழக்கதோஷத்தில் நாக்கை மடித்து ஒரு நீண்ட விசில் கொடுத்தார், வண்டி புறப்படுகிற விசில். பிரிஸில்லா சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்த முடியவில்லை.

"முதல்ல அந்த மெயிலை மாத்து" என்றான் ஷிஜு. திரையின் ஓரத்தில், முகவரியைத் திருத்த வேண்டுமா என்று கேட்டிருந்தது.

"மாத்தாண்டாம்" என்றாள் சரசம்மா. "ரிசல்ட்டு வரும்பம் நான் பாக்கண்டாமா? இனி தினமும் திறந்து பாக்கேன், அந்தப் பதினோராயிரத்தையும் கழிச்சுப் போடுகேன். உனக்க மெயிலையும் சேத்துப் போடு, அவ்வளவுதான்."

பிரிஸில்லா இரண்டாவது கட்டத்தில் தன் முகவரியை அடித்தாள். ஒவ்வோர் எழுத்தாக, சத்தமாகச் சொல்லிக்கொண்டு. பிறகு மேஜையைத் தாண்டி வந்து வேலாயுதனிடம், "மாமா, உங்க பிறந்த மாசம் என்ன?" என்றாள்.

"ரெக்கார்டுல மே இருபத்தாறு. அம்மா சொல்லுவா, ஓணத்துக்கு அடுத்த நாளுன்னு. ஏன் மோளே?"

அவள் டைரியின் பின்பக்கத்தைத் திறந்து மே மாதத்துக்கு நேரே ஒரு கோடு போட்டு, அதன் தலையில் புள்ளி வைத்தாள். இருநூற்று நாற்பத்திரண்டு.

கல்லூரிக்கு நடக்கும்போது அம்மாவுக்கு அழைத்தாள். பள்ளிப் பிள்ளைகள் எதிரே இரைந்துகொண்டு வந்தார்கள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லி முடித்த பிறகு அந்தப் பக்கம் மரமும் இரும்பும் உரசுகிற ஒரு சத்தம் மட்டும் கேட்டது. மிஷின் மூடி திறக்கிற சத்தம்.

"அம்மா, இன்னும் கிடைக்கல. நேர்காணல்தான். நூறு பேரைக் கூப்பிட்டிருப்பாங்க. நான் திக்கித் திணறுவேன், இங்கிலீஷ் வராது, அவங்க கேக்கறது..."

"அதையெல்லாம் நோட்டுல எழுதிக்க" என்றாள் அம்மா. "எனக்கு ஒண்ணு சொல்லு. முழுக்கையா, அரைக்கையா?"

பிரிஸில்லா கல்லூரி கேட்டின் முன்னால் நின்றாள். உள்ளே லலிதாம்பாள் அலமாரியைத் திறந்துகொண்டிருந்தார்.

"முழுக்கை" என்றாள்.